1, 7 மட்டும் வைத்துப் பகா எண் தேடுவது எப்படி?

மே மாதம் குன்னூர் மலைப்பாதையில் மாட்டியவர்களுக்குத் தெரியும், பர்லியார் தாண்டினால் வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். அப்படி நின்றபோது முன்னால் ஒரு ஜீப், நம்பர் 1711. "மாமா, இது பகா எண்தானே?" என்றாள் அக்கா மகள். நானும் தலையாட்டிவிட்டேன். அது எவ்வளவு தப்பு என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது.

முதலில், எண்களை எழுத ஒருசில இலக்கங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஓரிலக்கம் தாண்டிய பகா எண் 1, 3, 7, 9 இவற்றில்தான் முடியும். 2, 4, 5 என்று எடுத்தால் 2, 5 தவிர எதுவும் தேறாது. நாம் 1, 7 எடுப்போம்.

அடுத்து வரிசையாக எழுதுங்கள். ஈரிலக்கத்தில் 11, 17, 71 பகா எண்கள், 77 இல்லை. மூன்றிலக்கத்தில் 111, 117, 171 என்று எட்டு வரும். அவசரப்பட்டு வகுக்காதீர்கள், எட்டும் போச்சு! 1, 7 இரண்டையுமே 3ஆல் வகுத்தால் மீதி 1. மூன்று இலக்கங்களின் மீதியைக் கூட்டினால் 3. ஆக, எப்படி மாற்றி எழுதினாலும் எண் 3ஆல் வகுபடும். ஆறிலக்கம், ஒன்பதிலக்கத்துக்கும் இதே கதிதான். இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சரி, நான்கிலக்கம். மொத்தம் 16. ஒன்றாம், மூன்றாம் இலக்கத்தின் கூட்டுத்தொகையும் இரண்டாம், நான்காம் இலக்கத்தின் கூட்டுத்தொகையும் சமமானால் எண் 11ஆல் வகுபடும். 1771இல் 1+7, 7+1, அடித்துவிடுங்கள். இப்படி ஆறு போகும்.

மீதிப் பத்தை வகுத்துத்தான் பார்க்கணும், ஆனால் வர்க்கமூலம் வரை போதும். நம்ம ஜீப்பையே எடுப்போம். 42×42 = 1764, எனவே 41 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். 7க்கு மீதி 3, 13க்கு 8, 17க்கு 11, 19க்கு 1, 23க்கு 9. பெரும்பாலோர் இங்கேயே சலித்துப்போய் விட்டுவிடுவோம். அடுத்தது 29: 29×59 = 1711. மாட்டிக்கொண்டது!

கடைசியில் தேறியவை ஐந்து: 1117, 1171, 1777, 7177, 7717.

ஏதாவது ஓர் இலக்கத்தை அறவே ஒதுக்கினாலும் பகா எண்கள் முடிவில்லாமல் கிடைக்கும் என்று கணிதவியலாளர் ஜேம்ஸ் மேனார்ட் நிரூபித்திருக்கிறார். கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2022இல் பெற்றவர். நம்மைப்போல இரண்டே இலக்கங்களை வைத்து எழுதும் எண்களுக்கு அதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

29×59 என்று அக்கா மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீங்கதானே மாமா தலையாட்டினீங்க?" என்றாள்.