டேக்கும் தேடலும் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

திறமூல மெயில் நிரலுக்கு டேக் வசதி, அதாவது பயனர் மெயிலில் அடையாளச் சொல் ஒட்டும் வசதி, சேர்க்க வருகிறவர்களின் முதல் பேட்ச்சை (நிரல் திருத்தத்தை) திறந்தால், பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்த பேட்ச்தான். ஒருவர் சி-யில் எழுதுகிறார், ஒருவர் ரஸ்ட்டில், இன்னொருவர் பைத்தானில். தவறு மட்டும் மாறுவதில்லை. இந்தத் துறையில் மூத்தவர்கள் ஒரு காலத்தில் செய்து, அடிபட்டுத் திருத்திக்கொண்ட அதே தவறு, அதே வரிசையில்.

தேடும்போது ஜன்னல் உறைந்துபோவது, பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் வினவல்) வரியில் ஒட்டுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை முதல் ரிவ்யூவிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் ரிலீஸ் வரை போய், மாதங்கள் கழித்துப் பயனரின் மெயில்பெட்டியில் வெடிப்பவை மட்டும் கீழே.

டேக்கை இண்டெக்ஸுக்குள் குடிவைப்பது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஏனென்றால் இதில் போவது பயனரின் உழைப்பு.

மெயில் நிரலில் இரண்டு வகைத் தரவு இருக்கிறது. தேடல் இண்டெக்ஸ், அதாவது எந்தச் சொல் எந்த மெயிலில் இருக்கிறது என்ற பட்டியல், மெயிலிலிருந்து பிறப்பது. அழிந்தால் மெயில்களை மறுபடி படித்துக் கட்டிக்கொள்ளலாம். ஒரு லட்சம் மெயிலானாலும் நேரம்தான் செலவு. டேக் அப்படியல்ல. 'பதில் சொல்லணும்', 'ஒப்பந்தம்' என்று பயனர் ஒட்டியது எந்த மெயிலுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் ஒரு நிமிடம் யோசித்து எடுத்த முடிவு அது. போனால் போனதுதான்.

புதியவர் என்ன செய்கிறார்? எஸ்க்யூலைட் என்ற சிறு டேட்டாபேஸின் எஃப்டிஎஸ்5 எனும் முழு-உரைத் தேடல் அட்டவணையில் சப்ஜெக்ட், அனுப்பியவர், உள்ளடக்கம் என்று நெடுவரிசைகள் இருக்கும். பக்கத்திலேயே 'டேக்' என்று இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறார். சொல்லையும் டேக்கையும் ஒரே வினவலில் தேட முடிகிறது, டெமோ அருமையாக ஓடுகிறது. சில மாதம் கழித்து டோக்கனைசரில், அதாவது வாக்கியத்தைச் சொற்களாக வெட்டும் பகுதியில், ஒரு பிழை தெரியவருகிறது. எஃப்டிஎஸ்5-இல் டோக்கனைசர் எது என்பது அட்டவணையை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். மாற்ற வேண்டுமென்றால் அட்டவணையைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அதனால் அப்கிரேடு கோடில் யாரோ நல்லெண்ணத்தோடு எழுதுகிறார்: பதிப்பு எண் பொருந்தாவிட்டால் இண்டெக்ஸை அழி, மறுபடி கட்டு.

அடுத்த ரிலீஸில் கம்ப்யூட்டர் சற்று நேரம் உழைக்கும். தேடல் முன்பைவிட நன்றாக வரும். பயனர் 'பதில் சொல்லணும்' டேக்கைச் சொடுக்குவார், ஒன்றும் வராது. எரர் செய்தி கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது. நிரலின் கணக்கில் எதுவும் தவறாக நடக்கவே இல்லையே!

இதே அழிவுக்கு வேறு வாசல்களும் உண்டு. இண்டெக்ஸ் பெரும்பாலும் கேஷ் ஃபோல்டரில் இருக்கும். வட்டில் இடம் தேடும் துப்புரவு மென்பொருள் அதை முதலில் துடைக்கும். பேக்அப் மென்பொருள் அதைத் தொடாமலே விட்டுவிடும். இண்டெக்ஸ் கெட்டுப்போனால் 'அழித்துவிட்டு மறுபடி திறங்கள்' என்று உதவிக்கு வருகிறவர்களே சொல்வார்கள். இண்டெக்ஸைப் பொறுத்தவரை நல்ல யோசனை. உள்ளே டேக் குடியிருப்பது சொல்கிறவருக்குத் தெரியாது.

நாட்மச் என்ற மெயில் நிரல் டேக்கை சேப்பியன் எனும் தேடல் டேட்டாபேஸுக்குள்தானே வைக்கிறது என்று உடனே பதில் வரும். உண்மைதான். ஆனால் அது டம்ப், ரிஸ்டோர் என்று இரண்டு கட்டளைகளையும் கூடவே தருகிறது. ஒவ்வொரு மெயிலின் மெசேஜ்-ஐடியையும் (அனுப்பும்போதே மெயிலில் எழுதப்படும் அடையாளம்) அதன் டேக்குகளையும் டம்ப் சாதாரண டெக்ஸ்ட்டாக எழுதித்தரும். ரிஸ்டோர் அதைத் திரும்ப ஏற்றும். அந்த வடிவமைப்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. டேக்குக்குத் தனி எஸ்க்யூலைட் கோப்பு, மூன்று நெடுவரிசை: மெயிலின் அடையாளம், டேக், சேர்த்த நேரம். முதல் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ, அதாவது ஒரு வரியைத் தனித்துக் காட்டும் சாவி. கோப்பைக் கேஷ் பாதையில் வைக்காமல் பயனர் தரவுப் பாதையில் வையுங்கள். வேகத்துக்காக இண்டெக்ஸிலும் டேக்கின் நகல் இருக்கலாம், தவறில்லை. ஆனால் எழுதும் வரிசை முக்கியம்: முதலில் டேக் கோப்பு, அது கமிட் ஆன (வட்டில் உறுதியான) பிறகு இண்டெக்ஸ். நடுவில் நிரல் விழுந்தால் இண்டெக்ஸ்தான் பின்தங்கும், அதைச் சரிசெய்துகொள்ளலாம். வரிசையைத் திருப்பிப் போட்டால், திரையில் தெரிந்த டேக் அடுத்த மறுகட்டலில் காணாமல் போகும்.

ஒரு டெஸ்டும் எழுதுங்கள். மூன்று மெயிலில் ஐந்து டேக் ஒட்டு, இண்டெக்ஸ் கோப்பை அழி, நிரலைத் திற, டேக் பட்டியலை ஒப்பிடு. இந்த டெஸ்ட் இல்லாத டேக் பேட்ச்சை மெர்ஜ் செய்யவே கூடாது.

அந்த முதல் நெடுவரிசையில் என்ன போடுவது என்பதில் அடுத்த சறுக்கல். கோப்பின் பாதையைப் போட்டால், மெயிலுக்கு ஒரு கோப்பு வைக்கும் மெயில்டிர் அமைப்பில் மெயிலைப் படித்த கணமே 'நியூ' ஃபோல்டரிலிருந்து 'கர்' ஃபோல்டருக்கு நகர்ந்து, பெயரின் கடைசியில் ':2,எஸ்' (படித்தது என்ற குறி) ஒட்டிக்கொள்ளும், டேக் அநாதையாகிவிடும். ஐமேப் (சர்வரோடு மெயிலை ஒத்திசைக்கும் நெறிமுறை) ஃபோல்டருக்குள் மெயிலுக்குத் தரும் யூஐடி எண்ணைப் போட்டால், மெயில் வேறு ஃபோல்டருக்குப் போனதும் எண் மாறும். பழைய எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யூஐடி-வேலிடிட்டி மதிப்பைச் சர்வர் மாற்றினாலோ அந்த ஃபோல்டரின் எல்லா எண்களும் செல்லாதவை. மிஞ்சுவது மெசேஜ்-ஐடி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மெயில் வடிவத்துக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 5322 அதை 'இருக்க வேண்டும்' என்று பரிந்துரைக்கிறதே தவிர கட்டாயமாக்கவில்லை, அதனால் இல்லாமலும் மெயில் வரும். இல்லாதபோது ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) எடுத்து அடையாளமாக்குங்கள். முழுக் கோப்பையும் ஹாஷ் செய்ய வேண்டாம்: 'ரிசீவ்ட்' ஹெட்டர்கள் (மெயிலின் தலைப்பகுதி வரிகள்) நகலுக்கு நகல் வேறுபடும், சில நிரல்கள் 'ஸ்டேட்டஸ்' ஹெட்டரைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். டேட், ஃப்ரம், சப்ஜெக்ட், உள்ளடக்கத்தின் பைட்டுகள் இவை போதும்.

மெசேஜ்-ஐடியை எழுதுவது அனுப்புகிறவர் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே ஐடியோடு இரண்டு வெவ்வேறு மெயில்கள் வரலாம், வேண்டுமென்றே அனுப்பப்பட்டும் வரலாம். ஐடி ஒன்றாயிருக்கிறதே என்று இரண்டாவதை மறைத்துவிடாதீர்கள். டேக்கைப் பகிரட்டும், ஆனால் இரண்டு கோப்புகளும் இண்டெக்ஸில் ஏற வேண்டும், இரண்டையும் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும்.

ஐமேப்பில் பட்டியலையே மாற்றி எழுதுவது

மெயிலின் ஃபிளாக்குகளை (டேக், 'படித்தது' போன்ற குறிகளை) மாற்றும் ஐமேப்பின் ஸ்டோர் கட்டளைக்கு மூன்று வடிவம் உண்டு: ஃபிளாக்ஸ், +ஃபிளாக்ஸ், -ஃபிளாக்ஸ். வெறும் ஃபிளாக்ஸ் என்று அனுப்பினால், இருக்கும் பட்டியல் முழுவதும் போய் நீங்கள் அனுப்பியது மட்டும் நிற்கும். கைப்பேசியில் ஒட்டிய டேக், 'படித்தது', 'பதிலளித்தது' எல்லாம் சேர்ந்து போகும். உள்ளூரில் டேக் பட்டியல் முழுதாகக் கையில் இருப்பதால், அதை அப்படியே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். என்ன மாறியதோ அதை மட்டும் + அல்லது - போட்டு அனுப்புங்கள். சர்வரில் காண்ட்ஸ்டோர் வசதி இருந்தால் (ஆர்எஃப்சி 7162), நீங்கள் கடைசியாகப் பார்த்த மாட்சீக் எண்ணுக்கு (மாற்றம் நடக்கும்போதெல்லாம் சர்வர் கூட்டும் எண்) பிறகு மெயில் மாறியிருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஃபோல்டரைத் திறக்கும்போது வரும் பெர்மனன்ட்-ஃபிளாக்ஸ் (சர்வர் நிரந்தரமாக வைக்கும் குறிகள்) பட்டியலையும் படிக்க வேண்டும். அதில் '\*' இல்லையென்றால், புது டேக் பெயரை அந்த சர்வர் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்போது டேக்கை உள்ளூரில் மட்டும் வைத்து, அதைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பெயரிலும் ஒரு வலை இருக்கிறது. ஐமேப் கீவேர்டில் (டேக் சர்வரில் பெறும் பெயர்) இடைவெளி, அடைப்புக்குறி, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள்) அல்லாத எழுத்து எதுவும் கூடாது. 'பதில் சொல்லணும்' என்ற டேக் அப்படியே சர்வருக்குப் போகாது. உள்ளே ஓர் ஆஸ்கி அடையாளம், வெளியே காட்டும் பெயர் என்று முதல் நாளிலிருந்தே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். தண்டர்பேர்டு மெயில் நிரலின் ஐந்து ஆரம்ப டேக்குகள் சர்வரில் $லேபிள்1 முதல் $லேபிள்5 வரைதான். பெயரும் நிறமும் உள்ளூர் அமைப்புகளில் இருக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரில் மாற்றிய பெயர் இன்னொன்றில் தெரியாமல் போவது இதனால்தான். பெயர்ப் பட்டியலை எப்படிப் பகிர்வது என்பதையும் வடிவமைப்பிலேயே யோசிக்க வேண்டும்.

சொல்லை நடுவில் வெட்டும் டோக்கனைசர்

எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசர் யுனிகோட்61. அது எழுத்து, எண் வகைகளைத்தான் சொல்லின் பகுதியாக ஏற்கும். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி போன்றவை யுனிகோடில் எழுத்து வகையில் இல்லை. எம்சி, எம்என் என்ற குறி வகைகளில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு குறியும் காற்புள்ளியைப் போல வெட்டும் இடமாகிவிடுகிறது. 'கூட்டம்' என்ற சொல் க, ட, டம என்று மூன்று துண்டாகும்.

கேடு என்னவென்றால், டெஸ்டில் இது தெரியாது. தேடும் சொல்லும் அதே போலத் துண்டாகி, அடுத்தடுத்து வரும் தொடராகத் தேடப்படுவதால் 'கூட்டம்' உள்ள மெயில் கிடைத்துவிடும். கூடவே 'காட்டம்', 'கொட்டம்' உள்ளவையும் வரும், அவையும் அதே மூன்று துண்டுகள்தானே. நான்கு மெயிலை வைத்துச் சோதித்தவர் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அட்டவணையை உருவாக்கும்போது 'கேட்டகரீஸ்' என்ற விருப்பத்தில், இயல்பாக உள்ள எல்* (எழுத்து), என்* (எண்), சிஓ (தனிப்பயன் குறி) ஆகியவற்றோடு எம்என், எம்சி இரண்டையும் சேருங்கள். இண்டெக்ஸ் செய்வதற்கு முன் உரையை என்எஃப்சி எனும் ஒரே சீரான யுனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். தேடும் சொல்லையும் அப்படியே. 'ொ' ஒரே குறியாகவும் வரும், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் வரும். கண்ணுக்கு ஒன்று, பைட்டுக்கு இரண்டு. அகலமற்ற இணைப்பான், பிரிப்பான் குறிகளையும் நீக்கிவிடுங்கள், அவையும் சொல்லை வெட்டும்.

விகுதிகள் தனிக் கதை. விகுதியை வெட்டும் போர்ட்டர் ஸ்டெம்மர் ஆங்கிலத்துக்கானது, தமிழுக்கு உதவாது. 'கூட்டம்' என்று தேடுகிறவருக்கு 'கூட்டத்தில்' வேண்டும், ஆனால் 'கூட்டம்*' (அப்படித் தொடங்கும் எல்லாச் சொல்லும்) அதைப் பிடிக்காது. சொல் 'ம்' என்று முடிந்தால், அதை நீக்கி 'கூட்ட*' என்றும் சேர்த்துத் தேடுங்கள். 'கூட்டணி', 'கூட்டு' போன்றவையும் உள்ளே வரும். முழுச் சொல் பொருந்தியவற்றை மேலே வைத்தால் போதும்.

சப்ஜெக்ட் வரியை அரைகுறையாக அவிழ்ப்பது

ஆஸ்கி அல்லாத சப்ஜெக்ட்டை ஆஸ்கியாக மாற்றி அனுப்புவதற்கான ஆர்எஃப்சி 2047-இன்படி ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. யூடிஎஃப்-8, பேஸ்64 (பைட்டை ஆஸ்கி எழுத்தாக்கும் முறை) என்று அறிவிக்கும் சட்டகத்துக்கே 12 போய்விடும். மீதி 63-இல் பேஸ்64-க்கு 60 பயன்படும், அதாவது 45 பைட். தமிழ் யுனிகோட் குறி (எழுத்தோ, கொம்பு போன்ற துணைக்குறியோ) ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் ஒரு துண்டில் 15 குறிகள்தான் அடங்கும். ஆகவே கொஞ்சம் நீளமான எந்தத் தமிழ் சப்ஜெக்ட்டும் பல துண்டாகத்தான் வரும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி காட்சிக்கானதல்ல, அதை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் சொல் நடுவில் பிளந்து இண்டெக்ஸில் ஏறும்.

ஓர் எழுத்தின் மூன்று பைட்டைத் துண்டுக்கு நடுவில் பிரிப்பதைத் தரம் தடை செய்கிறது. ஆனாலும் அப்படி அனுப்பும் நிரல்கள் இருக்கின்றன. ஒரே எழுத்துக்குறித் தொகுதியில் (கேரக்டர்செட்) உள்ள அடுத்தடுத்த துண்டுகளை முதலில் பைட்டாக ஒட்டி, பிறகு யூடிஎஃப்-8 ஆக அவிழ்த்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

டேட் ஹெட்டரை மட்டும் நம்புவது

அது அனுப்பியவரின் கடிகாரம். சர்வர் பெற்ற நேரத்தையும் சேர்த்து வையுங்கள்.

மெயிலுக்கு ஒரு டிரான்ஸாக்ஷன்

5,000 மெயிலுக்கு டேக் ஒட்டினால் 5,000 முறை வட்டில் எழுதிக் காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனாகக் கட்டுங்கள்.

என்கிரிப்ட் செய்த (மறையாக்கிய) மெயிலின் உள்ளடக்கத்தை இண்டெக்ஸில் ஏற்றுவது

பயனரைக் கேட்காமல் ஒருபோதும் கூடாது.

உரையாடல் முழுவதற்கும் டேக் போடுவது

பயனர் ஓர் உரையாடலில் ஏழு மெயிலைப் பார்த்துவிட்டு ஆர்க்கைவ் பொத்தானை அழுத்துகிறார். நிரல் 'இந்த உரையாடலில் உள்ள எல்லாவற்றிலிருந்தும் இன்பாக்ஸ் டேக்கை எடு' என்று வினவல் அனுப்புகிறது. திரையில் பட்டியல் வந்ததற்கும் பொத்தானை அழுத்தியதற்கும் நடுவே எட்டாவது மெயில் வந்திருந்தால், யாரும் பார்க்காமலே அதுவும் ஆர்க்கைவுக்குப் போய்விடும். பதில் வரவே இல்லை என்று பயனர் நாள்கணக்கில் காத்திருப்பார். திரையில் காட்டிய ஏழு மெயிலின் அடையாளங்களைப் பட்டியலோடு சேர்த்து வைத்து, அந்த ஏழின் மேல் மட்டும் செயல்படுங்கள்.

அன்டூவும் இப்படித்தான். 40 மெயிலுக்கு 'ஒப்பந்தம்' என்று ஒட்டும்போது 12-இல் அந்த டேக் முன்பே இருந்திருக்கும். '40-இலிருந்தும் எடு' என்று எழுதிய அன்டூ, அந்தப் பன்னிரண்டின் பழைய டேக்கையும் பிடுங்கிவிடும். உண்மையில் மாறிய 28 மெயிலின் அடையாளங்களை மட்டும் பதிந்து வைத்து, அவற்றை மட்டும் திருப்புங்கள்.