தைப்பூசக் காணொலிக்குத் தமிழ், மலாய் வசன வரிகள்: எஸ்ஆர்டியை வெப்விடிடி ஆக்குவது எப்படி?

பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் படம்பிடித்து உங்கள் சொந்தத் தளத்தில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வசன வரிகளும் அவை தோன்றும் நேரமும் உள்ள எஸ்ஆர்டி (SRT) கோப்பை யூடியூப் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பிரவுசரின் வீடியோ டேக் ஏற்காது. அதற்கு வெப்விடிடி (WebVTT) என்ற வடிவம் வேண்டும். கோப்புப் பெயரின் வாலை (.srt என்பதை .vtt என்று) மட்டும் மாற்றினால் போதாது.

1. கோப்பை நோட்பேட் பிளஸ் பிளஸ் அல்லது விஎஸ் கோடில் திறந்து யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள். ஏஎன்எஸ்ஐ (ANSI) என்ற பழைய குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் மொத்தமும் கேள்விக்குறியாகிவிடும், மீட்க முடியாது.

2. முதல் வரியில் டபிள்யூ, ஈ, பி, வி, டி, டி என்ற ஆறு எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்து ஒரு வெற்று வரி. இந்த முதல் வரி இல்லாவிட்டால் கோப்பு முழுவதும் வீண்.

3. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எஸ்ஆர்டியில் நொடிக்குப் பிறகு காற்புள்ளி வரும், வெப்விடிடியில் புள்ளி:

00:01:12,500 --> 00:01:15,000
00:01:12.500 --> 00:01:15.000

எல்லாக் காற்புள்ளியையும் ஒரேயடியாக மாற்றினால் "வேல், வேல்" என்ற வசனம் "வேல். வேல்" ஆகிவிடும். தேடி மாற்றும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (சொல்லுக்குப் பதில் வடிவத்தை வைத்துத் தேடும் முறை) இயக்கி, தேடும் பெட்டியில் இதை இடுங்கள்:

(:[0-9][0-9]),([0-9][0-9][0-9])

மாற்றும் பெட்டியில்:

$1.$2

தொடக்கத்தில் உள்ள முக்காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் வசனத்தில் வரும் "10,000 தேங்காய்" தப்பும். ஒரு நேரக்குறியில் காற்புள்ளி மிஞ்சினாலும் அந்த ஒரு வசனம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும், மற்றவை ஓடும். அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம். ஒரு வசனத்தின் நடுவே வெற்று வரி இருந்தாலும் அதற்குக் கீழே உள்ள பாதி வராது.

இவ்வளவும் கையால் செய்யச் சலிப்பாக இருந்தால் சப்டைட்டில் எடிட்டில் திறந்து வெப்விடிடி ஆகச் சேமியுங்கள். இலவச மென்பொருள், வசனத்தை ஒலியலையோடு பொருத்தவும் எனக்குப் பிடித்தது அதுதான்.

4. வீடியோ டேக்குக்குள் மொழிக்கு ஒன்றாக வசனக் கோப்பைச் சுட்டும் டிராக் (track) டேக் இரண்டு. அதில் கைண்ட் (kind) மதிப்பு "சப்டைட்டில்ஸ்" (subtitles). கடைசி எஸ் விடுபட்டால் பிரவுசர் அதை மெட்டாடேட்டா என்று எடுத்துக்கொண்டு திரையில் காட்டவே காட்டாது. காது கேளாதோருக்காக [உறுமி மேளம்] போன்ற ஒலிக்குறிப்பும் சேர்த்தால் "கேப்ஷன்ஸ்" (captions) என்று போடுங்கள். சேருங்கள், அது அவர்களுக்கும் திருவிழாதான்.

மொழிக்குறி தமிழுக்கு டிஏ (ta), மலாய்க்கு எம்எஸ் (ms). நம் மலேசியத் தள முகவரிகளின் வாலைப் பார்த்து எம்ஒய் (my) என்று போட்டுவிடாதீர்கள். மொழிக்குறியாக அது பர்மிய மொழி.

பின்னர் சேர்த்தது: "எல்லாம் சரி, வரி மட்டும் வரவில்லை" என்று கேட்பவர்கள் முகவரிப் பட்டையைப் பாருங்கள். பக்கத்தை டபுள் கிளிக் செய்து நேரே திறந்திருந்தால் (பட்டை file என்று தொடங்கும்) குரோம் டிராக் கோப்பை ஏற்றாது. விஎஸ் கோடின் லைவ் சர்வர் என்ற நீட்சி வழியாகத் திறங்கள். வசனக் கோப்பு வேறு டொமைனில் இருந்தால் வீடியோ டேக்கில் கிராஸ்ஆரிஜின் (crossorigin) என்ற பண்பைச் சேர்க்க வேண்டும். அந்தச் சர்வரும் அனுமதி அனுப்ப வேண்டும். வசனக் கோப்பை அதே தளத்தில் வைத்துவிட்டால் இந்த இரண்டும் தேவையில்லை.