வன்னி வீதியில் கார் இடக்குப் பண்ணினால் செய்யக்கூடாதவை

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் சொந்தங்கள் கொழும்பில் வாடகைக்குக் கார் எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு வடக்கே வருகிறார்கள். ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பில், இது வெளிநாட்டுப் பயணம் என்பது மறந்துபோகிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ கார் நின்றால் உதவிச் சேவையின் நம்பருக்கு அடித்துவிட்டுக் காத்திருக்கலாம். வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தை தாண்டி வன்னிக்குள் வந்தால் அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கார் நின்ற முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலும் செலவு தீர்மானமாகிறது.

அடிக்கடி வருவது சூடு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வறட்டிக்கொண்டு வீசும் மாதங்களில் ஏசியை முழுதாகப் போட்டு, ஆறு பேரும் பெட்டிகளுமாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் விரட்டினால் சின்ன என்ஜின் திணறத்தான் செய்யும். வாடகைக்குக் கிடைக்கும் அக்வா, வாகன்ஆர் போன்ற பல கார்களில் சூடு காட்டும் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரியும்போதே காரியம் முற்றிவிட்டது. “மாங்குளம் கிட்டத்தானே, போய்ப் பார்ப்போம்” என்று ஓட்டுவதுதான் பெரிய தவறு. என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவை அடைக்கும் ஹெட் காஸ்கட் போனால், ஒரு குழாய் மாற்றுவதோடு முடிந்திருக்கும் வேலை என்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். ஓரமாக நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள். எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இதேதான்.

அடுத்தது, பொனற்றைத் திறந்த கையோடு றேடியேற்றர் மூடியைத் திருகுவது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் நூறு பாகைக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்ததும் முகத்தில் பீறியடிக்கும். முக்கால் மணிநேரமாவது பொறுங்கள். சூடான என்ஜினில் குளிர்தண்ணீர் ஊற்றினால் வெடிப்பும் விழலாம். ஆறிய பிறகு, வேறு வழியில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை விடலாம். ஆனால் வன்னியின் பல இடங்களில் அது சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலில் படிகிற அதே வெள்ளை றேடியேற்றருக்குள்ளும் படியும். கராஜுக்குப் போனதும் அதைக் கழுவி, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் விடச் சொல்லுங்கள்.

ஏ9 வீதியோரப் பிள்ளையார் கோயில் இருக்கும் முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கியாயிற்றா? சரி, அப்படியே பொனற்றைத் தூக்கி, றேடியேற்றருக்குப் பக்கத்திலுள்ள கூலன்ட் போத்தலில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் தொட வேண்டியதே இல்லை.

ஹைபிரிட் கார் என்றால் இன்னொன்று. பின்சீற்றுப் பக்கம் பற்றறிக்குக் காற்று இழுக்கும் சல்லடை இருக்கும். அதன்மேல் பையையோ துவாயையோ போட்டு மூடிவிட்டு, “பற்றறி பழசு” என்று வாடகைக்குத் தந்த கார்க்காரரைத் திட்டுகிறார்கள். ‘ரெடி’ விளக்கு எரியும் ஹைபிரிட் காரில் பொனற்றுக்குள் கை வைக்கவும் கூடாது. என்ஜின் தானாகவே ஸ்டார்ட் ஆகும்.

பற்றறி இறங்கினால் உதவிக்கு நிற்பது பெரும்பாலும் டிப்பரோ பஸ்ஸோதான். நல்ல மனசுக்காரர்கள், மறுக்க மனம் வராது. ஆனாலும் பெரிய லொறிகளும் பஸ்களும் 24 வோல்ட், உங்கள் கார் 12 வோல்ட். வயரை மாட்டினால் காரின் கம்ப்யூட்டரே கருகிவிடலாம். வேறொரு கார் அல்லது 12 வோல்ட் உழவு இயந்திரம் வரும்வரை பொறுங்கள். ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். முன்சில்லுகளில் ஓடும் கார் என்றால் அவற்றைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர்பொக்ஸ் போய்விடும்.

டீசல் வானில் டீசல் தீர்ந்தால், ஊற்றியும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். குழாயில் காற்று ஏறியிருக்கும். பற்றறி இறங்கும்வரை திறப்பைத் திருகாதீர்கள். காற்றை வெளியேற்றுவது மெக்கானிக் அண்ணைக்குச் சின்ன வேலை.

நிழல் தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் தார்வீதியை விட்டு விலகவே கூடாது. இருட்டிய பிறகு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் வரும், காருக்குள்ளேயே இருங்கள். அவசரமென்றால் பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990.

மெக்கானிக் கை வைப்பதற்கு முன் கார்க்காரருக்கு ஒரு கோல் எடுத்து, எரியும் விளக்கைப் படம்பிடித்து அனுப்புங்கள். கேட்காமல் என்ஜினைப் பிரித்தால் பழி உங்கள் தலையில். அப்புறம் லைசென்ஸ்: பிரிட்டன், கனடா லைசென்ஸ் மட்டும் இங்கே செல்லாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதியோ, இங்கே அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச அனுமதிப்பத்திரமோ வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் காப்புறுதியும் கைவிரித்துவிடும்.

கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்களுக்குச் சூடு கவலையில்லை, வெள்ளம்தான். குளங்கள் நிரம்பி வான் பாயும்போது முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலம் போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் மேவி ஓடும். முன்னால் பஸ் போகிறது என்று பின்னால் இறங்காதீர்கள். பஸ்ஸின் உயரம் வேறு. தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் திறப்பை மறுபடி திருகவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் கம்பிதான் வளையும். இறங்கி ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி வெளியே எடுங்கள்.