டாலஸ் பக்கம் குடிபெயர்கிறீர்களா? ஊர்ப் பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள்

வசந்தகாலம் வந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். எடிசனிலிருந்தோ ஃப்ரீமான்டிலிருந்தோ யாராவது ஒரு தம்பி, "அக்கா, டாலஸுக்கு மாறுறோம். ஃப்ரிஸ்கோ பாக்கலாமா, பிளேனோவா, கோப்பெலா?" என்று கேட்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்ல கார் ஓட்டாதவங்க யார் யாரு?"

வட டெக்சஸ் புறநகர்களில் கார் ஓட்டுகிறவருக்கு எந்த ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். கடை ஐந்து மைல் தள்ளியிருந்தால் ஐந்து மைல் ஓட்டிவிட்டு வருவார். வீடு எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்து நாளே மாறிப்போவது ஓட்டாதவர்களுக்கு: பள்ளிப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மா, புதிதாக வந்து இன்னும் லைசன்ஸ் எடுக்காத மனைவி. ஆகவே தேடலை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். அலுவலகத் தூரம் அதற்கு அடுத்தபடி.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கோணத்திலிருந்து பேசுகிறேன் என்று தெரியும். நாங்கள் நியூஜெர்சி எடிசனிலிருந்து வந்தவர்கள். கணவருக்கு பிளேனோவில் லெகசி பகுதியில் அலுவலகம், எனக்கு இர்விங்கிலேயே இருக்கும் லாஸ் கொலினாஸில். மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டியிருந்தது, மகன் மூன்றாவது. மாமனாரும் மாமியாரும் பாளையங்கோட்டையிலிருந்து வந்து வருடத்தில் பாதி எங்களோடு இருப்பார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து இர்விங் நகரத்தில் வேலி ராஞ்ச் பகுதியில் குடியேறினோம். எங்கள் முகவரியில் இருப்பது இர்விங். பிள்ளைகள் படிப்பது கோப்பெல் பள்ளி மாவட்டத்தில். நான் சொல்ல வருவதன் மையமே இதுதான்.

ஊர் எல்லை வேறு, பள்ளி எல்லை வேறு

எடிசனில் வீடு வாங்கினால் எடிசன் பள்ளி. அங்கே யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. டெக்சஸில் பள்ளி மாவட்டம், அதாவது ஐ.எஸ்.டி., தனி எல்லையும் தனி வரியும் கொண்ட தனி அமைப்பு. நகர எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃப்ரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே ஃப்ரிஸ்கோ, லூயிஸ்வில், லிட்டில் எல்ம், பிராஸ்பர் என்று நான்கு பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மறுபக்கம், பிளேனோவிலும் மெக்கின்னியிலும் சில பகுதிகள் ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி.க்குள் வருகின்றன. டாலஸ் நகர எல்லைக்குள் இருக்கும் சைப்ரஸ் வாட்டர்ஸ் கோப்பெல் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. எங்கள் வேலி ராஞ்சிலேயே ஒரு பகுதி கோப்பெலுக்கும் இன்னொரு பகுதி கரோல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்சுக்கும் போகிறது.

எனவே வீடு விற்கும் தளங்களில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தப் பள்ளி மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி என்று காட்டும். மூன்றையும் பாருங்கள். தொடக்கப் பள்ளியை மட்டும் பார்த்து வீடு வாங்குபவர்கள் ஏராளம். பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகாமலா இருக்கப் போகிறது?

அந்த எல்லைகளும் நிலையானவை இல்லை. வளரும் இடத்தில் புதுப் பள்ளி திறக்கும்போது எல்லையை மாற்றி வரைவார்கள். பழைய இடத்தில் பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடுவார்கள். பிளேனோ ஐ.எஸ்.டி. 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூடுவதாக முடிவெடுத்தது. இளம் குடும்பங்கள் வீட்டு விலை தாங்காமல் இன்னும் வடக்கே போய்விடுகிறார்கள் என்பதே பெரிய காரணம். வீட்டை இறுதி செய்யும் முன் அந்தப் பள்ளி மாவட்டத்தின் போர்டு கூட்டக் குறிப்புகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். எல்லை மாற்றம், பள்ளி மூடல் பற்றிய பேச்சு முடிவாவதற்குப் பல மாதங்கள் முன்பே அங்கே அடிபட ஆரம்பித்துவிடும்.

உயர்நிலைப் பள்ளி வயதில் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். டெக்சஸில் 1997 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: அரசு உயர்நிலைப் பள்ளியில் வகுப்பின் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் விலக்கு பெற்று இதை 6 சதவீதமாக வைத்திருந்தது. 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களிலிருந்து 5 சதவீதம். நியூஜெர்சியில் இருந்தவரை நாம் நினைத்துக்கூடப் பார்க்காத 'கிளாஸ் ராங்க்' இங்கே பிள்ளையின் கல்லூரியையே தீர்மானிக்கிறது. எல்லோரும் ஓடும் அதே பள்ளிக்கு நாமும் ஓடினால், அங்கே முதல் 5 சதவீதத்துக்கு நடக்கும் போட்டி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். டெக்சஸ் கல்வித் துறை பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடுகிறது. 'ஏ' வாங்கிய பள்ளியில் நடுவில் நிற்பதும், 'பி' வாங்கிய பள்ளியில் முன்வரிசையில் நிற்பதும் சில பிள்ளைகளுக்கு முற்றிலும் வேறு வேறு எதிர்காலங்கள். அதிகப் போட்டியில் மலரும் பிள்ளைகளும் உண்டு, வாடும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளை எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பள்ளியின் அளவும் ஒரு விஷயம். ஆலன் ஊர் முழுக்க ஒரே உயர்நிலைப் பள்ளி. டெக்சஸிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி. நேர்மாறாக, சிறிய பள்ளிகள் என்ற கொள்கையோடு 12 உயர்நிலைப் பள்ளிகளை நடத்துகிறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். வேறு மாநிலத்தில் படித்த ஹானர்ஸ் (மேல்நிலை) பாடங்களுக்கு இங்கே ராங்க் கணக்கில் எத்தனை எடை கொடுப்பார்கள் என்று பள்ளி கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் ஒரு விதி.

வருமான வரி இல்லை, சரி. வீட்டு வரி?

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்ற மகிழ்ச்சியில் பலர் வீட்டு வரிக் கணக்கைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இங்கேயும் முகவரிதான் பேசும். 380 நெடுஞ்சாலையை ஒட்டி வரும் புதுக் குடியிருப்புகள் பலவற்றில் எம்.யூ.டி. என்றோ பி.ஐ.டி. என்றோ கூடுதலாக ஒன்று இருக்கும். தண்ணீர்க் குழாய், சாலை, சாக்கடை போட வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்கள் பல ஆண்டுகள் அடைக்கும் ஏற்பாடு அது. 5,00,000 டாலர் வீட்டுக்கு மொத்த வரி ஓரிடத்தில் 1.7 சதவீதம், இன்னோரிடத்தில் 2.4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வருடத்துக்கு 3,500 டாலர் வித்தியாசம். அதே மாதிரி வீடு, அதே பில்டர், நடுவில் ஒரு சாலை மட்டும்.

பழைய வீடாக இருந்தால், இப்போதைய உரிமையாளர் கட்டும் வரியைப் பார்த்து நாமும் அதையே கட்டுவோம் என்று எண்ண வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. வரி போடும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அவர் பத்து வருடம் இருந்திருந்தால் அந்த மதிப்பு சந்தை மதிப்பைவிட மிகவும் கீழே இருக்கலாம், 65 வயது தாண்டியவர் என்றால் மேலும் சலுகைகள் இருக்கும். வீடு கைமாறினால் அவையெல்லாம் போய்விடும். புது வீட்டில் சிக்கல் வேறு மாதிரி: ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்குத்தான் வரி என்பதால் முதல் வருடம் வெறும் மனைக்கு வரி வரும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரும்போது வங்கி நம் வரிக்காக மாதாமாதம் சேர்த்து வைக்கும் எஸ்குரோ கணக்கில் பள்ளம் விழுந்து மாதத் தவணை திடீரென்று ஏறும். சந்தை மதிப்பை மொத்த வரி விகிதத்தால் பெருக்கி வரும் தொகையை வைத்து பட்ஜெட் போடுங்கள். சலுகை கிடைத்தால் அது மிச்சம்.

ரியல்ட்டர் பதில் சொல்லாத கேள்வி

"அங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களா?" இதை ரியல்ட்டரிடம், அதாவது வீட்டுத் தரகரிடம், கேட்காதீர்கள். 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி இனம், மதம், பூர்வீக நாடு பார்த்து அவர் யாரையும் ஒரு பகுதிக்கு நகர்த்தக் கூடாது. நல்ல ரியல்ட்டர் பேச்சை மாற்றிவிடுவார். அது சரியான சட்டம் என்றே நானும் நினைக்கிறேன். நமக்கு வேண்டிய விவரம் வேறு வழியில் கிடைக்கும். சனிக்கிழமை காலை அந்தப் பகுதிப் பூங்காவுக்குப் போங்கள், கிரிக்கெட் ஆடுபவர்களிடம் பேசுங்கள். மெட்ரோப்ளெக்ஸ் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனால் பத்துக் குடும்பங்களிடம் பத்து ஊர்களைப் பற்றிக் கேட்டுவிடலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளி எங்கே நடக்கிறது என்றும் விசாரியுங்கள். இர்விங்கில் ஏக்தா மந்திர், ஃப்ரிஸ்கோவில் அனுமன் கோயில், கரோல்டனில் குருவாயூரப்பன் கோயில் இருக்கின்றன. கோயிலுக்கு வாரம் ஒருமுறை போவீர்கள் என்றால் இருபது நிமிடத் தூரம் பொருட்டில்லை. தினமும் போக விரும்பும் மாமியார் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

பெரியவர்கள் வரும் வீடு என்றால் நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வேலை நாளில், முற்பகல் பத்து மணிக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து நடங்கள். நடைபாதை தொடர்ந்து போகிறதா, நடுவில் அறுந்து ஆறு வழிச் சாலையில் கொண்டுபோய் விடுகிறதா? நிழல் இருக்கிறதா? உட்கார ஒரு பெஞ்சு? எதிரே ஒரு மனிதராவது வருகிறாரா? ஜூலை, ஆகஸ்டில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில் இது, திருநெல்வேலிக்காரர்களே திணறுவார்கள். காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நடை. வேலி ராஞ்சில் வாய்க்கால்களை ஒட்டி நடைபாதை ஓடுகிறது, மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. மாமனாருக்கு அந்த வாய்க்கால் ஓரத்தில் ஒரு தெலுங்குத் தாத்தாவும் ஒரு குஜராத்தித் தாத்தாவும் நடைத் துணையாகக் கிடைத்தார்கள். அதே விலைக்கு வடக்கே இன்னும் பெரிய வீடு கிடைத்திருக்கும். ஆனால் அங்கே மரங்கள் இன்னும் கன்றுகள், பூங்கா பில்டரின் வரைபடத்தில் இருக்கிறது.

இன்னொன்று: இங்கே வீடுகளுக்கு நிலவறை கிடையாது. சூறாவளி (டொர்னேடோ) எச்சரிக்கை வந்தால் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போக வேண்டும். வீட்டைப் பார்க்கும்போதே அந்த அறை எது என்று பாருங்கள், மாடி ஏறாமல் பெரியவர்கள் போய்ச் சேர முடிகிறதா என்றும் பாருங்கள். பல ஊர்களில் மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். பகலில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மண்ணும் ஆலங்கட்டியும் எல்லா ஊருக்கும் பொது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இது கரிசல் போன்ற களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், அஸ்திவாரத்தை அசைக்கும். கதவு மூலைகளில் சாய்வான விரிசல் தெரிந்தால் சாதாரண இன்ஸ்பெக்டரோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரையும் கூப்பிடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள், பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம் இருக்கும். 4,50,000 டாலருக்கு 2 சதவீதம் என்றால் கூரை போனால் முதல் 9,000 உங்கள் கையிலிருந்து.

அலுவலகத் தூரத்தைக் காலை எட்டு மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், டோல் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் பள்ளியிலிருந்து அவசர அழைப்பு வந்தால் யார் சீக்கிரம் போய்ச் சேர முடியும் என்பதே முக்கியம். எங்கள் வீட்டில் அது நான்; அதனால் என் அலுவலகப் பக்கம் சாய்ந்தோம். ரயில் வேண்டுமானால் பிளேனோ, ரிச்சர்ட்சன், இர்விங் போன்ற ஊர்களுக்கு டார்ட் ரயில் உண்டு; ஃப்ரிஸ்கோ, ஆலன், மெக்கின்னிக்கு இல்லை.

தேதிகளில் கவனம் வேண்டும். நியூஜெர்சியில் பள்ளி செப்டம்பரில். இங்கே ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில் வந்திறங்கினால் பிள்ளை இரண்டு வாரம் பின்தங்கித்தான் வகுப்பில் நுழையும். முடிந்தால் நீங்கள் விரும்பும் பள்ளி எல்லைக்குள்ளேயே ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். பிறகு வீடு வாங்கும்போது பிள்ளை பள்ளி மாற வேண்டியிராது. வந்ததும் 30 நாட்களுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும், 90 நாட்களுக்குள் டெக்சஸ் லைசன்ஸ் எடுக்க வேண்டும். வீடு வாங்கியபின் லைசன்ஸில் புது முகவரியை மாற்றிவிட்டு ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் போடுங்கள். இரண்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு பள்ளி வரியில் வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழிக்கிறார்கள். விண்ணப்பம் கவுன்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் இலவசம். கட்டணம் கேட்டு அரசுக் கடிதம் போலவே தபாலில் ஏதாவது வந்தால் கிழித்துப் போடுங்கள்.