"முடியுமா?" என்று கேட்க வேண்டாம்
ஆந்திராவில் தடா பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உதவும். உங்கள் லைனுக்கு ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ புதிதாக ஒருவர் வந்தால், முதல் வாரமே சொல்லிவிடுங்கள்: "நாளைக்குள் முடியுமா?" என்று கேட்டால் இங்கே பெரும்பாலும் "சரி சார்" என்றுதான் பதில் வரும். அது காதில் விழுந்தது என்பதற்கான சரி. பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நம் பிள்ளைகளுக்கு நா எழாது.

"எதுவரை வந்திருக்கிறது? என்ன பொருள் வரவேண்டியிருக்கிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதுவும் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். மெஷின் பக்கத்தில் நின்று தனியாக. எங்கள் ஷிப்டில் அப்படிக் கேட்ட பிறகுதான் ஆபரேட்டர் தம்பி, டை (அச்சு) தேய்ந்துபோன இடத்தை விரலால் தடவிக் காட்டினான். மூன்று நாளாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தான், பாவம்.

அப்புறம், தெலுங்குக்காரர்களைப் பெயரோடு மரியாதைக்கு 'காரு' சேர்த்துக் கூப்பிட்டால் முகமே மலர்ந்துவிடும். ஆயுத பூஜைக்கு மெஷினில் சந்தனம், குங்குமம் வைக்கும்போது புதிதாக வந்தவரையும் அழையுங்கள். ஷூவைக் கழற்ற வேண்டும் என்பதை முன்னாடியே காதில் போட்டுவிடுங்கள். தெலுங்குப் புத்தாண்டான உகாதி வேறு நாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவர்கள் லீவு கேட்பது ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டுக்கு. இரண்டையும் அவர் காலண்டரில் குறித்துக் கொடுங்கள்.