நான்கு ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு ஒரு டச்சு ஆர்கெஸ்ட்ரா இசைப்பதிவைக் கேட்பது எப்படி?

டச்சு ஆர்கெஸ்ட்ரா இசை கேட்க வேண்டும் என்றால் சிலர் எடுத்த எடுப்பில் டச்சு இசையமைப்பாளர் வில்லெம் பைபரின் 3ஆம் சிம்பொனியை (1926) நீட்டுவார்கள். அருமையான இசைதான், ஆனால் புதிதாக வருபவரைத் திணறடித்துவிடும். என் யோசனை, இன்னொரு டச்சு இசையமைப்பாளரான ஹென்ட்ரிக் ஆன்ட்ரீசனின் 'ரிசெர்காரே'. சுமார் பத்து நிமிடம், ஜெர்மன் இசைமேதை பாக் மறைந்து 200 ஆண்டு ஆவதை ஒட்டி 1949இல் எழுதியது.

1. பாட்டு கேட்கும் ஆப்பில் 'ஆன்ட்ரீசன்' என்று மட்டும் போட்டால் மகன் லூயி வந்து நிற்பார், அவரும் இசையமைப்பாளர்தான். 1969இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் அரங்கில் நடந்த கச்சேரிக்குள் நண்பர்களோடு கிலுகிலுப்பை சகிதம் புகுந்து கலாட்டா செய்தாரே, அவர்தான். நமக்கு வேண்டியது அப்பா. இசைத்தலைப்போடு நடத்துநர் டேவிட் போர்சலைன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நெதர்லாந்து சிம்பொனி இசைக்குழு வாசித்து சிபிஓ (cpo) நிறுவனம் வெளியிட்ட பதிவு கிடைக்கும்.

2. கேட்பதற்கு முன் ஃபோனில் ஒரு கீபோர்டு ஆப்பைத் திறந்து பி ஃப்ளாட், ஏ, சி, பி என்று வரிசையாக அழுத்துங்கள். ஜெர்மன் முறையில் பி ஃப்ளாட்டுக்கு பி என்றும் பி-க்கு ஹெச் என்றும் பெயர், ஆக இது பாக் (B-A-C-H) என்ற பெயரின் எழுத்துகளேதான். 'ரிசெர்காரே'க்கு அடிப்படையே இந்த நான்கு ஸ்வரங்கள். நம் கர்நாடக இசைக் கணக்கில் ஏ-யை ஸட்ஜமமாக வைத்தால் சுத்த ரிஷபம், ஸட்ஜமம், சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம்; இப்படி வைத்தால் 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களில் எதற்குள்ளும் இது அடங்காது, காதில் கொஞ்சம் நெருடும். வாய்விட்டு முணுமுணுக்க வரும்வரை அழுத்திப் பாருங்கள், இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

3. ஆப்பில் ஒலி அளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சின்ன சத்தம் சின்னதாகவே இருக்கட்டும்.

4. முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை அந்த நான்கு ஸ்வரங்களைத் தேடுங்கள். அதே உயரத்தில்தான் வரும் என்று காத்திருக்க வேண்டாம், இறங்கி, ஏறி, மறுபடி இறங்கும் அந்த நடையைப் பிடித்தால் போதும். ஒரு வாத்தியக் குழு தொடங்கியதை இன்னொரு குழு எடுத்துக்கொள்ளும், அது முடிவதற்குள் மூன்றாவது குழு நுழையும். ஹென்ட்ரிக் உட்ரெக்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், பாக் அவருக்குக் கைவந்த சரக்கு.

5. பிடித்துவிட்டதா? சரி, அடுத்து அவருடைய குனாவ் வேரியேஷன்ஸ் (1935), முழுக்கத் தந்தி வாத்தியங்கள். அப்புறம் பைபர். அவரும் ஒரு சின்ன ஸ்வரக் கொத்தை விதையாகப் போட்டு மொத்த சிம்பொனியையும் வளர்ப்பவர்தான், ஆகவே இங்கே பழகிய காது அங்கேயும் உதவும். ஹெட்ஃபோன் இல்லையென்றால் மட்டும் அதை ராத்திரியில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.