கன்னக்களவு வழக்கு: எஃப்.ஐ.ஆரில் எதைப் பார்ப்பது?

முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். அதற்கு முந்தையது என்றால் பழைய இ.பி.கோ.தான்.

அடுத்து, நுழைந்த விதம். புதிய சட்டத்தின் பிரிவு 330 ஆறு வழிகளைச் சொல்கிறது: சுவரில் துளையிடுவது, ஜன்னல் வழியாகவோ சுவரேறிக் குதித்தோ நுழைவது, பூட்டைத் திறப்பது போன்றவை. பூட்டை உடைக்கத்தான் வேண்டும் என்றில்லை. கள்ளச்சாவி போட்டாலும் அதேதான். ஜன்னல் கம்பிக்குள் கையை மட்டும் விட்டாலும் சட்டப்படி அது நுழைவே. திறந்திருந்த வாசல் வழியாகச் சாதாரணமாக உள்ளே போயிருந்தால் 330 பொருந்துவது கடினம். வீட்டில் நடந்த திருட்டுக்கு 305 தனியாக நிற்கும், ஏழு ஆண்டு வரை சிறை.

நேரம்தான் தண்டனையை மாற்றுகிறது. திருடும் நோக்கத்தோடு பகலில் புகுந்தால் 331(3), பத்து ஆண்டு வரை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் 331(4), பதினான்கு ஆண்டு வரை. இரண்டிலும் அபராதமும் உண்டு. ஒன்றும் எடுக்காமல் ஓடினாலும் நோக்கம் நிரூபணமானால் போதும்.

ஆகவே புகாரில் "ஊருக்குப் போயிருந்தோம், திருடு போயிற்று" என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசியாகப் பூட்டிய நேரம், திறந்து கிடந்ததைக் கண்ட நேரம், கொண்டி நெம்பப்பட்டிருந்த விதம், நகையின் எடை எல்லாம் வேண்டும். நேரம் தெளிவில்லாவிட்டால் இரவுப் பிரிவு நிற்காமல் போகலாம். தாழ்ப்பாளைத் தொடாதீர்கள், கைரேகை அழியும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.